தொலைந்த பெட்டிகளின் மேசை

சிவப்புக் கம்பெனியும் பச்சைக் கம்பெனியும்
ஒன்றாகிவிட்டதை,
முழங்காலளவு பனி கிடந்த பிப்ரவரிக் காலையில்,
பஃபலோ யார்டின் அறிவிப்புப் பலகையில் படித்தோம்.
இரண்டு கடன்காரர்கள் கைகுலுக்கினால்
ஒரு பணக்காரன் பிறப்பான் என்று
எங்கோ உயரமான கட்டடத்தில்
யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.
எங்களுக்கு ஆளுக்கொரு டோனட்.

நூறு வருடம்
ஒரே ஊருக்கு இரண்டு பாதை போட்டு
ஒருவர் சோற்றில் ஒருவர் மண் அள்ளிப் போட்டவர்கள்;
இனி ஒரே தொப்பி.
எதிர்மேசைக்கு
பச்சைக்காரி லொரெட்டா ஃபிங்க் வந்தாள்.
அவளுடைய துளை அட்டை என் இயந்திரத்தில் நுழையாது.
என்னுடையதை அவள் இயந்திரம் மென்று துப்பும்.
காணாமல் போன சரக்குப் பெட்டிகளை
போனில் தேடுவது எங்கள் வேலை.

முதல் வாரம் பதினொன்று.
ஈஸ்டருக்குள் நானூறு.

ரயில் பெட்டி எப்படித் தொலையும்,
குடையா அது, என்றார் காசிமிர்
சூப்பை ஆற்றிக்கொண்டே.
தண்டவாளத்தை விட்டு இறங்கி நடந்தா போகும்?
அது எங்கும் போகவில்லை, என்றேன்.
ஏதோ ஒரு யார்டில்
நின்ற இடத்திலேயே நிற்கிறது.
அதைப் பற்றிய காகிதம்தான் போய்விட்டது.

அடுத்த குளிர்காலம். 60417.
மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு,
பிராங்க்ஸ் சந்தைக்கு.
அனுப்பியவர் அல்சீட் தேரியோ.
தினமும் காலை ஏழுக்கு அவர் போன் வரும்,
பிரெஞ்சு வாடையடிக்கும் ஆங்கிலத்தில்,
தாதியிடம் நோயாளியை விசாரிப்பவர் போல:
மிசஸ் பகுல்ஸ்கி, உள்ளே அடுப்பு எரிகிறதா?
யாராவது எண்ணெய் ஊற்றினார்களா?
தெரியவில்லை ஐயா.
தெரியவில்லை ஐயா.
பத்தொன்பதாம் நாள் அவர் கத்துவார் என்று
ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.
லாரிக்காரனிடம் பேசி முடித்துவிட்டேன் அம்மா, என்றார்.
இனி எப்போதும் லாரிதான்.

இருபத்துமூன்றாம் நாள் கிடைத்தது.
பிராங்க்ஸில் இல்லை, வழியிலும் இல்லை;
என் ஜன்னலுக்கு முக்கால் மைலில்,
பழைய ஐஸ் கிடங்குக்குப் பின்னால்.
கண்டுபிடித்தது நானோ லொரெட்டாவோ அல்ல,
நாற்றம்.
பக்கவாட்டில் ஈரம் காயாத புதுச்சின்னம்,
இரண்டு எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு.
யார்டில் அதற்குப் புழு என்று பெயர்.
கதவைத் திறந்தவன்
எந்தப் புழுவைச் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.

இரண்டரை வருடம் நிறைவதற்குள் திவால்.
கடைசிக்கு முந்தைய வருடம்வரை
பங்குக்காரர்களுக்கு லாபம் போய்க்கொண்டிருந்தது.
எங்களிடம் ஒருநாளும் தாமதமாகாத வண்டி
அது ஒன்றுதான்.
பிறகு அரசாங்கம் எடுத்தது.
கிளைப் பாதைகளை நறுக்கியது,
காசிமிரையும் சேர்த்து.
லாபம் வந்ததும் விற்றார்கள்;
வாங்கியவர்கள் குறுக்கே கிழித்து
ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.
சேர்த்தபோது சொன்ன காரணத்தை,
பெயர்களை மட்டும் மாற்றி,
பிரித்தபோதும் வாசித்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
கம்பெனிகளின் பெயரெழுத ஒரு சுவர் வேண்டும்.
இப்போது இரண்டு கை விரல்களில் மிச்சம் விழும்.
எங்கள் ஊர்ப் பக்கத்து மாவு மில்லுக்கு
ஒரே ஒரு பாதை,
கேட்டதுதான் கூலி.
மற்ற பாதையில் தார் போட்டிருக்கிறார்கள்,
ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்கள் போகின்றன;
அழகாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

நேற்று லொரெட்டா கூப்பிட்டாள்.
கடலுக்குக் கடல் ஒரே கம்பெனியாம்,
பேச்சு நடக்கிறதாம், செய்தியில் சொன்னார்கள்.
யாருடைய அட்டையாம், என்றேன்.
சிரித்தாள், சிரிப்பு இருமலானது,
நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டாள்.

இரவு வண்டி போயிற்று.
முன்பெல்லாம் ஐந்து நிமிடம்,
இப்போது இரண்டரை மைல் நீளம்,
கிராசிங்கில் ஆம்புலன்ஸ் ஒன்று
சுழலும் விளக்கோடு நின்றது.
யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.
எண்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்,
உதடு அசைய,
ஒவ்வொன்றாக.